உடலரங்கு: சொல் விளக்கம்

நடிகரின் உடலையும் அசைவையும் முதன்மையாகக் கொண்டு நிகழ்த்தும் ஃபிசிக்கல் தியேட்டர் என்பதை உடல்மொழி நாடகம், மௌன நாடகம், அசைவு நாடகம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். மூன்றும் பொருந்தவில்லை. உடல்மொழி என்பது பேசும்போது நம்மை அறியாமலே வெளிப்படுவது. இங்கே ஒவ்வோர் அசைவும் தெரிந்தே செய்யப்படுகிறது. மௌன நாடகம், பேசாமல் சைகையால் நடிக்கும் மைம் கலைக்கு உரிய பெயர். அசைவோ நடனத்துக்கும் பொது. 'உடலரங்கு' என்பதே சரியான சொல்.

'தியேட்ரான்' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பார்க்கும் இடம் என்று பொருள். நம் 'அரங்கு' என்பதும் இடம்தான். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அதற்கு அளவே சொல்கிறது. நாடகம் என்றதும் எழுதி முடித்த பிரதி நினைவுக்கு வரும். உடலரங்குக் குழுக்கள் பெரும்பாலும் பிரதியே இல்லாமல், ஓர் இடத்தில் உடல்களை வைத்துக்கொண்டுதான் தொடங்குகின்றன. ஆகவே அரங்கு என்பதே பொருத்தம்.

'மெய்யரங்கு' என்று சொல்ல ஆசை வரும். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. நகை, அழுகை முதலாக எட்டு வகை. அழகான உறவுதான். ஆனால் இன்று மெய் என்றால் உண்மை என்ற பொருளே முந்திக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் இப்பெயர் பரவியதில் நடன இயக்குநர் லாயிட் நியூசன் 1986இல் லண்டனில் தொடங்கிய 'டிவி எயிட் ஃபிசிக்கல் தியேட்டர்' (DV8) குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. நடனத்தின் எல்லைகளை உடைக்கப் புறப்பட்ட அக்குழு, பின்னாளில் நேர்காணல்களில் பதிவான பேச்சை அப்படியே எடுத்து அசைவோடு கோத்தது. உடலரங்கை மௌனம் என்று மொழிபெயர்த்தால் இந்த வளர்ச்சியையே விளக்க முடியாது. பயிற்சி முறைகள் இப்பெயரை விடப் பழையவை. ருஷ்யாவில் நாடக இயக்குநர் மேயர்ஹோல்ட் 1920களில் உயிரியக்கவியல் (பயோமெக்கானிக்ஸ்) என்ற நடிகர் உடற்பயிற்சிகளை வகுத்தார். பிரெஞ்சு நடிப்பு ஆசிரியர் ழாக் லெகோக் 1956இல் பாரிஸில் நாடகப் பள்ளி தொடங்கி, எந்த உணர்ச்சியும் காட்டாத நடுநிலை முகமூடியை அடிப்படைப் பாடமாக்கினார்.

மேயர்ஹோல்டின் பயிற்சிகளில் 'ஒத்காஸ்' ஒன்றையாவது செய்து பார்க்க வேண்டும். ருஷ்ய மொழியில் அதற்கு மறுப்பு என்று பொருள். முன்னே பாய்வதற்கு முன் உடல் ஒரு கணம் பின்வாங்கும். குத்துவதற்கு முன் கை பின்னே போகும். அந்தப் பின்வாங்கல் இல்லாவிட்டால், அசைவு எங்கே தொடங்கியது என்றே பார்வையாளருக்குத் தெரியாது. நீட்டிவிட்டாலோ அடுத்தது என்ன என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இன்னொருவரின் எடையைத் தாங்கும் பயிற்சியில்தான் புதிய குழுக்கள் அதிகம் தடுமாறும். தாங்குபவர் பாதங்களைத் தோளகலத்துக்கு வைத்து, முழங்காலைத் தளர்த்தி, இடுப்பை அருகே கொண்டுவர வேண்டும். கைகளை மட்டும் நீட்டினால் எடை முதுகுக்கும் மணிக்கட்டுக்கும் போய்விடும். சாய்பவரும் உடலைத் துவளவிடக் கூடாது. துவண்ட உடல் தாங்குபவருக்கு இன்னும் கனமாகத் தெரியும்.

காட்சி உருவாகும்போது வேறொரு பிழை நேரும். 'நான் தனியாள்' என்ற வசனத்தின்போதே நடிகர் மூலையில் சுருண்டு உட்கார்வார். ஒரே செய்தி இரண்டு முறை வருகிறது. ஒன்றை நீக்க வேண்டும், அல்லது அந்த வசனத்தைக் கூட்டத்தின் தோள்மேல் இருந்தபடி சொல்லிப் பார்க்க வேண்டும்.

இத்துறையின் மற்றச் சொற்கள்: டிவைசிங் என்பதற்குக் கூட்டாக்கம், ஸ்கோர் என்பதற்கு அசைவு வரிசை, என்செம்பிள் என்பதற்குக் குழு என்பதே போதும். எழுதும்போது வல்லினம் மிகும்: உடலரங்குக் குழு, உடலரங்குப் பயிற்சி.