கணக்கு 'வராது'ன்னா மூளைக்குள்ள என்னதான் நடக்குது?

"அக்கா, எனக்கு கணக்கு வராது"ன்னு ஜூனியர் பொண்ணு ஒருத்தி போன வாரம் சொன்னா. ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் நானும் இதத்தான் சொல்லிட்டு இருந்தேன், இப்ப மூளைய பத்தி படிக்கிறதால அந்த 'வராது' கேக்குறப்ப மனசு கஷ்டமா இருக்கு.

இந்த 'வராது'க்கு நேரெதிரான நம்பிக்கைக்கு க்ரோத் மைண்ட்செட்னு பேரு, அதாவது திறமை பொறப்புலயே முடிவான அளவு இல்ல, பழகப் பழக வளரும்னு நம்புறது. உளவியல் ஆய்வாளர்கள் கரோல் டுவெக், கிளாடியா முல்லர் 1998ல காட்டினாங்க, "நீ புத்திசாலி"ன்னு பாராட்டின பசங்க கஷ்டமான கேள்வில தோத்ததும் சோர்ந்து போனாங்க, "நல்லா உழைச்ச"ன்னு பாராட்டினவங்க விடாம முயற்சி பண்ணாங்க. இது நெறைய பேருக்குத் தெரிஞ்ச கதைதான்.

எனக்கு ரொம்பப் புடிச்சது இதுக்கு அடியில இருக்கு. ரெண்டு நரம்பு செல் சந்திக்கிற இடம் சினாப்ஸ், அங்க என்எம்டிஏன்னு ஒரு கதவு. முதல் செல் குளூட்டமேட்ங்கிற ரசாயனத்த அனுப்பி வெளிய இருந்து தட்டும், ஆனா தட்டினா மட்டும் தொறக்காது, ஏன்னா கதவோட துவாரத்துக்குள்ள ஒரு மெக்னீசியம் அயனி சிக்கி அடைச்சிட்டு நிக்குது. அது பாசிட்டிவ், செல்லோட உள்பக்கம் சும்மா இருக்கறப்ப சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட், அதனால உள்ளயிருந்து இழுக்குற இழுப்புலயே அது அங்க மாட்டிக்குது. வாங்குற செல்லும் அதே நேரம் சுறுசுறுப்பாகி வோல்டேஜ் ஏறினாதான் அந்த இழுப்பு தளர்ந்து மெக்னீசியம் வெளிய தெறிக்கும், கால்சியம் உள்ள பாயும், அது போய் இன்னும் கொஞ்சம் ரிசப்டர்கள, அதாவது சிக்னல வாங்குற புரதங்கள, மேல கொண்டு வந்து பதிக்கும், அடுத்த தடவ அதே சிக்னல் பலமா கேக்கும். ரெண்டு பக்கமும் ஒண்ணா விழிச்சிருந்தாதான் இணைப்பு பலப்படும்ங்கிற விதிய ஒரு சின்ன அயனி காவல் காக்குது, எத்தன தடவ படிச்சாலும் எனக்கு இதுல ஆச்சரியம் தீரல.

1986ல ரிச்சர்ட் மோரிஸ் குழு எலிகளுக்கு இந்த கதவ மருந்தால அடைச்சாங்க. கலங்கின தண்ணிக்குள்ள மறைஞ்சிருக்கிற மேடை எங்கன்னு மத்த எலிங்க நீந்தி நீந்தி கத்துக்கிச்சு, இதுங்க நீந்துச்சு, ஆனா இடத்த கத்துக்க ரொம்ப திணறுச்சு. இதுக்கெல்லாம் ஆரம்பம் 1973ல பிளிஸ், லோமோ ரெண்டு பேரும் முயல் மூளைல சினாப்ஸ் பலமாகுறத பாத்ததுதான், அதுல பரீட்சைக்கு உடனே ஒரு பயனும் இல்ல. அடிப்படை ஆராய்ச்சிக்கு "இதால என்ன லாபம்"னு கேட்டு காச நிறுத்துறவங்க இத யோசிக்கணும். விரல் ரேகைய ஸ்கேன் பண்ணி புள்ளைக்கு எந்தப் படிப்பு வரும்னு சொல்றோம்னு காசு வாங்குறாங்களே, அதுக்கு எந்த அறிவியல் ஆதாரமும் கிடையாது, எனக்கு கோவமே வருது.

அதுக்காக நம்பிக்கை மட்டும் போதும்னு நான் சொல்லல. 2019ல அமெரிக்காவுல சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு பசங்கள வெச்சு செஞ்ச பெரிய ஆய்வுல, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆன்லைன் பாடத்தால மார்க் குறைவான பசங்களோட கிரேடு சராசரி ஏறினது 0.1 பாயின்ட் அளவுதான். நம்பிக்கை நம்மள நோட்டு முன்னாடி உக்கார வைக்கும், அதுக்கப்புறம் எப்படி படிக்கிறோம்ங்கிறதுதான் விஷயம். 2006ல ரோடிகர், கார்பிக் செஞ்ச சோதனைல, திரும்பத் திரும்ப வாசிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு நல்லா சொன்னாங்க, பாக்காம ஞாபகப்படுத்தி எழுதிப் பாத்தவங்க ஒரு வாரம் கழிச்சு ஜெயிச்சாங்க.

அந்த பொண்ணு விடையப் பாத்து பாத்து காப்பி பண்ணிட்டு இருந்தா. நான் பக்கத்த மூடிட்டு "இப்ப போடு"ன்னேன். ரெண்டு வரி போட்டா, மூணாவதுல மைனஸ விட்டுட்டா, கடைசில விடை இடிக்குதுன்னு தானே மேல போய் தேடினா, பென்சிலால அந்த இடத்த வட்டம் போட்டு "இங்கதானக்கா?"ன்னு கேட்டா.