அல்லி பறிக்க யாரிடம் கேட்பது?

குளத்தில் அல்லித்தண்டு பறிக்கவும் கிழங்கு கிண்டவும் அனுமதி வேண்டுமா? எந்தக் குளம் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. செடி ஒன்றுதான், குளத்துக்குக் குளம் பொறுப்பாளர் வேறு.

இலங்கையின் வன்னியில் ஊரை ஒட்டியிருக்கும் சிறு குளங்கள், அதாவது 80 ஹெக்டேயர் (ஏறக்குறைய 200 ஏக்கர்) வரையான வயலுக்குத் தண்ணீர் கொடுப்பவை, கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. இவற்றின் கட்டையும் வாய்க்காலையும் ஒதுக்குநிலத்தையும் சேதப்படுத்துவதை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் தடுக்கிறது. அன்றாடம் குளத்தைப் பார்ப்பது கமக்காரர் அமைப்பு, அதாவது ஊர் விவசாயிகளின் சங்கம். ஆகவே முதலில் அதன் தலைவரிடமோ செயலாளரிடமோ கேளுங்கள். இழுபறி வந்தால் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள்.

அலைகரைப் பக்கம் (குளத்தின் நீரோரம்) நின்று தண்டும் பூவும் முற்றிய காயும் பறிப்பதால் கட்டுக்கு ஒன்றும் ஆகாது. கிழங்கு அப்படியல்ல. அது சேற்றுக்குள் கிடக்கிறது. மண்ணைக் கிண்டித்தான் எடுக்க வேண்டும். கட்டின் அடியிலும் துருசின் (தண்ணீர் திறந்துவிடும் மதகின்) வாயிலும் மண்வெட்டி வைக்கவே வேண்டாம். மாரியில் கட்டு உடைந்தால் அழிவது ஊரார் எல்லோருடைய வயலும்தான்.

இரணைமடு போன்ற பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்கள அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

மன்னார் கட்டுக்கரைக்குளத்தின் கதை வேறு. அது 1954இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் உள்ள அரச காணியில் செடிகொடிகளைச் சேதப்படுத்துவதும் குற்றம். கமக்காரர் அமைப்பு தலையசைத்தாலும் அது போதாது. வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்ட பின்பே இறங்குங்கள்.

என்னை அதிகம் வருத்துவது சிரமதானங்களில் நடப்பது. ஆகாயத்தாமரையை (வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள்) அகற்ற வருபவர்கள், இலை மிதக்கிறது என்பதற்காக அல்லியையும் சேர்த்து வாரிக் கரையில் போட்டுவிடுகிறார்கள். ஆகாயத்தாமரை வெளிநாட்டிலிருந்து வந்து பரவியது. அதை ஒழிக்க இந்நாட்டில் 1909இலேயே தனிச்சட்டம் வந்தது. அல்லியோ சேற்றில் வேரூன்றி நிற்கும் நம் மண்ணின் செடி. தண்டு கறியாகும், கிழங்கை அவிக்கலாம், விதையை அரிசிபோல் சமைக்கலாம். இத்தனை தரும் செடியைக் களை என்று பிடுங்க எனக்கு மனம் வராது.

ஒவ்வொரு போகத்துக்கும் முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். வயல் இல்லாவிட்டாலும், அல்லி பறித்துச் சமைக்கும் பெண்கள் அங்கே போய்ப் பேசுங்கள். துப்புரவின்போது எந்த மூலையை அல்லிக்கு விடுவது, கிழங்கு எங்கே கிண்டலாம் என்று தீர்மானித்து, கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த மாரிக்குள் மறந்துபோகும்.