கம்பு எடுக்கறதுக்கு முன்னாடி எதுக்கு மூச்சு?

பினாங்கு பட்டர்வொர்த்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. மகனுக்கு பத்து வயசு, பக்கத்து தமிழ்ப்பள்ளி மண்டபத்துல (டேவான்) வாரம் ரெண்டு நாள் சிலம்பம், மாஸ்டர் வந்ததும் மொத கால் மணி நேரம் பிள்ளைங்கள வரிசையா தரையில உக்கார வெச்சு கண்ண மூடச் சொல்லி, நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடுன்னு மூச்சு மட்டும்தான் பழக்குறாராம். "மாசாமாசம் வெள்ளி கட்டி அனுப்புறோம், கம்பு சுத்தக் கத்துக் குடுக்காம இது எதுக்குங்க, நெசமாவே இதுல ஏதாச்சும் இருக்கா?"

இருக்குக்கா, நெறையவே இருக்கு. ஆனா பொதுவா சொல்ற காரணம் அது இல்ல.

பொதுவா என்ன சொல்வாங்க, ஆழமா மூச்சு இழுத்தா ஒடம்புல ஆக்ஸிஜன் கூடும்னு. ஆரோக்கியமான பிள்ளைக்கு சும்மா உக்காந்திருக்கும்போதே ரத்தத்துல ஆக்ஸிஜன் 97, 98 சதவீதம் நெறஞ்சிதான் இருக்கும், கோவிட் நேரத்துல வெரல்ல மாட்டுற சின்ன மெஷின் வாங்கி வெச்சோமே, அதுலயே பார்த்திருப்பீங்க, அதுக்கு மேல ஏத்த எடமே இல்ல. வேகவேகமா ஊதி ஊதி இழுத்தா கொறையறது கார்பன் டை ஆக்ஸைடுதான், அது கொறஞ்சா மூளைக்குப் போற ரத்தக் குழாய் சுருங்கும், தல கிறுகிறுங்கும், வெரல் நுனி மரத்துப் போற மாதிரி இருக்கும். இதைத்தான் சிலர் "சக்தி ஏறுது"ன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி வெக்கிறாங்க, தயவு செஞ்சு நம்பாதீங்க. இப்படி ஊதிட்டு நீச்சல் குளத்துல மூச்சடக்கி முங்குறது உயிருக்கே ஆபத்து, மூச்சு எடுக்கணும்ங்கற தவிப்பு வர்றதுக்கு முன்னாடியே தண்ணிக்குள்ள மயக்கம் வந்துரும்.

அப்ப மெதுவான மூச்சு என்னதான் பண்ணுது? இதயத்தப் பாக்கணும், எனக்கு மனுஷ ஒடம்புலயே ரொம்பப் புடிச்ச எடம் இது.

இதயத்துக்குள்ள சைனஸ் முடிச்சுன்னு ஒரு துணுக்குத் தசை இருக்கு, துடிப்ப ஆரம்பிச்சு வெக்கிறது அதுதான். அத அது பாட்டுக்கு விட்டா நிமிஷத்துக்கு சுமார் 100 தடவ துடிக்கும். ஆனா பெரியவங்க சும்மா உக்காந்திருக்கும்போது நாடி புடிச்சா 70 சொச்சம்தான வருது? மீதிய இழுத்துப் புடிச்சு வெச்சிருக்கறது வேகஸ் நரம்பு. மூளைத்தண்டுல கெளம்பி, கழுத்து வழியா எறங்கி, இதயத்துக்கு ஒரு கிளை குடுத்துட்டு வயிறு வரைக்கும் போகுது. இதய மாற்று ஆபரேஷன் பண்ணவங்களுக்கு இந்த நரம்பு அறுபட்டுப் போறதால அவங்க இதயம் ஓய்வுலயே 90, 100ன்னு ஓடும், அந்த நரம்பு எப்பவும் எவ்ளோ வேலை பாத்துட்டு இருக்குன்னு அதுலயே தெரியும்.

இதுல அழகு என்னன்னா, வேகஸ் ஒரே அளவுல புடிச்சு வெச்சிருக்கறதில்ல. மூச்சு உள்ள போகும்போது புடி தளருது, இதயம் கொஞ்சம் வேகமாகுது, வெளிய வரும்போது மறுபடி இறுகுது, இதயம் மெதுவாகுது. 1847லயே கார்ல் லுட்விக்ங்கற ஜெர்மன் விஞ்ஞானி நாய்கிட்ட இத அளந்து காமிச்சிருக்காரு. நீங்க இப்பவே பாக்கலாம்: எடது மணிக்கட்டுல, கட்ட வெரலுக்கு நேர் கீழ, வலது கையோட ரெண்டு வெரல வெச்சு நாடியப் புடிங்க, அழுத்தாம லேசா, நாடி கெடச்சதும் அஞ்சு எண்ணி மூச்ச இழுங்க, துடிப்பு கிட்டகிட்ட வரும், அப்புறம் மெதுவா விட்டுக்கிட்டே வாங்க, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல எடவெளி நீளும். மகன் கையில பாருங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு இது நல்லாவே தெரியும், வயசாக ஆகத்தான் கொறையும். சில அம்மாமாருங்க இத வெரல்ல உணர்ந்துட்டு பிள்ளைக்கு இதயத்துல கோளாறுன்னு பயந்துர்றாங்க, மூச்சோட சேர்ந்து ஏறி எறங்குறது கோளாறே இல்ல.

ஏன் இப்படின்னா, மூளைத்தண்டுல மூச்ச ஓட்டுற நரம்பணுக்களும் இதயத்துக்குப் போற வேகஸ் அணுக்களும் அக்கம்பக்கம், இழுக்கச் சொல்ற அணுக்கள் வேலை செய்யும்போது பக்கத்துல இருக்கற வேகஸ் அணுக்கள அமுக்கிருது, விடும்போது அமுக்குறதில்ல, அவ்ளோதான். வேகஸ் எப்படிப் புடிக்குதுன்னு காமிச்சவரு ஓட்டோ லோவி. 1921ல ரெண்டு தவளை இதயத்த உப்புத் தண்ணியில துடிக்க விட்டு, ஒண்ணோட வேகஸ தூண்டுனாரு, அது மெதுவாச்சு. அந்தத் தண்ணிய எடுத்து ரெண்டாவது இதயத்துல விட்டாரு, நரம்பே தொடாத அந்த இதயமும் மெதுவாச்சு! தண்ணியில கலந்து வந்தது ஒரு ரசாயனம், அசிட்டைல்கோலின், 1936ல ஹென்றி டேலோட சேர்த்து அவருக்கு நோபல் பரிசு.

இந்த அசிட்டைல்கோலினக் கையோட ஒடைக்கறதுக்குன்னே அங்க ஒரு என்ஸைம் இருக்கு, அதனால வேகஸ் புடிக்கறதும் விடறதும் ஒரு துடிப்பு ரெண்டு துடிப்புக்குள்ள நடந்துரும். பயத்துல ஊறுற அட்ரினலின் அப்படி இல்ல, வர சில நொடி ஆகும், வந்துட்டா சீக்கிரத்துல போகாது. போட்டியில மொத ரவுண்டுக்கு நிக்கற பிள்ளையப் பாருங்க, தோள் காதுக்கிட்ட ஏறியிருக்கும், மூச்சு நெஞ்சோட மேல்பக்கமே நின்னுரும், கம்பப் புடிச்ச வெரல் கணு வெளுத்திருக்கும், பாடம் பண்ண காலடிச் சுவடெல்லாம் மறந்து கண்ணுக்கு எதிராளி கம்பு மட்டும்தான் தெரியும். அப்ப இதயத்தப் பார்த்து மெதுவா துடின்னு சொன்னா கேக்காது. ஆனா மூச்சு தானாவும் நடக்கும், நாம சொன்னாலும் கேக்கும், அதுவழியா போனா வேகஸத் தொட முடியும், மூச்ச நீளமா விட்டா அது புடிக்கற நேரம் நீளும். நம்ம சித்தர் வழியில பூரகம் (இழுக்கறது) 1, கும்பகம் (அடக்கறது) 4, ரேசகம் (விடறது) 2ன்னு கணக்கு இருக்குல்ல, விடறது இழுக்கறதப் போல ரெண்டு மடங்கு. நடுவுல உள்ள அந்த நீளமான அடக்கல் மட்டும் பத்து வயசுப் பிள்ளைக்கு வேணாம்.

மாஸ்டர் சொல்ற நாலும் ஆறும் கூட்டுனா பத்து நொடி, நிமிஷத்துக்கு 6 மூச்சு. இது சும்மா வந்த எண் இல்ல. கழுத்து ரத்தக் குழாயிலயும் இதயத்துக்கு மேல உள்ள பெரிய குழாயிலயும் அழுத்தத்த உணர்ற நரம்பு முனைங்க இருக்கு, அழுத்தம் ஏறுனா இதயத்த மெதுவாக்கும், எறங்குனா வேகமாக்கும், அந்தச் சுத்து ஒரு தடவ முடிய ஏறக்கொறைய பத்து நொடி. மூச்சும் பத்து நொடியில ஓடுனா, ஊஞ்சல் திரும்பி வர்ற நேரம் பார்த்துத் தள்ளுற மாதிரி ரெண்டும் சேர்ந்து பெரிய அலையாகுது. 2001ல இத்தாலியில பெர்னார்டி குழு லத்தீன் ஜெபமாலையையும் ஒரு யோக மந்திரத்தையும் சொல்லச் சொல்லி அளந்தாங்க, ரெண்டுமே மூச்ச நிமிஷத்துக்கு 6 கிட்ட கொண்டு வந்து அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி இதயம் மாறுற அந்தச் சுத்த இன்னும் கூர்மையாக்கிச்சு. எனக்கு இதப் படிச்சப்போ மனசு நெறஞ்சிருச்சு.

அடிக்கும்போது "ஹேய்"னு கத்தி மூச்சு விடறது வேற விஷயம், வயித்துத் தசை இறுகி இடுப்பு கெட்டியாகுது, கால்ல இருந்து வர்ற பலம் நடுவுல கரையாம கம்புக்குப் போகுது. கராத்தேயிலயும் மலாய்க்காரங்களோட சிலாட் கலையிலயும் அதேதான்.

கண்ண மூடி உக்கார்றது? 1991ல மூளைத்தண்டுல மூச்சுக்குத் தாளம் போடற அணுக்கூட்டத்தக் கண்டுபுடிச்சாங்க. 2017ல எலியில பார்த்தா அதுல ஒரு சின்னப் பகுதி மூளைய உஷார்படுத்தற எடத்தோட நேரா பேசுது, அந்த அணுக்கள எடுத்துட்டா எலி அலட்டிக்காம அமைதியா உக்காந்திருந்துச்சு. மனுஷனுக்கு அப்படியே பொருத்தக் கூடாதுதான், ஆனா மூச்சும் பதட்டமும் ஒரே வீட்டு ஆளுங்கன்னு புரியுது. மூச்சக் கவனிச்சுப் பழகுன பிள்ளைக்கு அது மேல ஏறி நின்னுருச்சுன்னு தெரியும், தெரிஞ்சாத்தான எறக்க முடியும்.

இவ்ளோ அழகான விஷயம் இருக்கும்போது தொடாமலே ஆளத் தள்ளுறேன், உள்சக்தின்னு பிள்ளைங்க முன்னாடி வேஷம் காட்டுறவங்களப் பார்த்தா எனக்குக் கோவம் வருது, தள்ளுனா விழறது அவங்க சொந்த மாணவர்தான், வெளியாள் விழறதில்ல. பினாங்குல யூஎஸ்எம் பல்கலைக்கழகம் இருக்கு, கோலாலம்பூர்ல மலாயா பல்கலைக்கழகம் இருக்கு, நெஞ்சுல கட்டுற இதயத்துடிப்பு பெல்ட் சில நூறு வெள்ளிதான், கோப்பைக்கும் பேனருக்கும் போற காசுல கொஞ்சத்த ஒதுக்கி நம்ம சிலம்பப் பிள்ளைங்க மேலயே வருஷக்கணக்குல அளந்து பாக்கணும், நம்ம கலைய நாமளே அளக்காம வேற யாரு அளப்பா.

அக்காவுக்கு ஒண்ணு மட்டும். கால் மணி நேரம் முழுக்க பத்து வயசுப் பய நெளியாம உக்கார மாட்டான், அஞ்சு நிமிஷமா பிரிச்சு ஆரம்பத்துல ஒண்ணு, ஓடி ஆடி களைச்சதுக்கு அப்புறம் ஒண்ணுன்னு வெச்சுக்கலாமான்னு மாஸ்டர்கிட்ட கேட்டுப் பாருங்க. ரெண்டாவதுதான் முக்கியம். டேக்வாண்டோ போட்டிய எடுத்துக்கிட்டா ரவுண்டுக்கு நடுவுல ஒரு நிமிஷம்தான் ரெஸ்ட், மொத அரை நிமிஷம் ஒடம்பு கார்பன் டை ஆக்ஸைட வெளிய தள்ளியே ஆகணும், அப்ப மூச்ச அடக்கச் சொல்லக் கூடாது, வாங்கட்டும், மிச்சம் இருக்கற அரை நிமிஷத்துல நீளமா விடற மூச்சு மூணு கெடைக்கும், பழகறது அந்த மூணுக்குத்தான்.