யூரின் டியூப் இன்றைக்கும் வேண்டுமா?

ஐசியு ரவுண்ட்ஸில் வென்டிலேட்டர், பிபி, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் அலசுவோம். கட்டிலுக்குக் கீழே தொங்கும் யூரின் பையில் அளவை மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அந்தக் குழாய் இன்னும் தேவையா என்று யாரும் கேட்பதில்லை.

ஷாக்கில், அதாவது பிபி ஆபத்தான அளவுக்கு இறங்கிய நிலையில், இருப்பவருக்கு மணிக்கு எத்தனை மில்லி சிறுநீர் இறங்குகிறது என்று தெரிந்தாக வேண்டும். அதற்குக் குழாய் அவசியம்தான். ஆனால் பிபியை ஏற்றிப் பிடிக்கும் மருந்தெல்லாம் நிறுத்தி, எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறவருக்கும் அது அப்படியே கிடக்கும். கதீட்டர் என்கிற இந்தக் குழாய் போட்டவர்களில் நாளொன்றுக்குச் சுமார் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. குழாயின் சுவரில் அவை வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டால் ஆன்டிபயாடிக் சரியாக எட்டாது.

நான் அதிகம் சண்டை போடுவது ஸ்கேனுக்குக் கிளம்பும் நேரத்தில்தான். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும் அவசரத்தில் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேலேயே வைத்துவிடுவார்கள். மணிக்கணக்காகத் தேங்கிய சிறுநீர் திரும்பவும் சிறுநீர்ப்பைக்குள் ஓடும். கிளம்பும் முன் பையைக் காலி செய்து, இடுப்பு மட்டத்துக்குக் கீழே, தரையில் படாமல் மாட்டினால் போதும். ஒரே ஜக்கை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய்க் காலி செய்வது இன்னொரு கெட்ட பழக்கம். ஆளுக்கொரு ஜக், ஒவ்வொருவருக்கும் புதுக் கையுறை வேண்டும். குழாய் உள்ளே நுழையும் இடத்தைப் பெட்டடின் போட்டுத் தினமும் துடைப்பதால் தனிப் பலன் எதுவும் இல்லை, சோப்பும் தண்ணீரும் போதும்.

அப்புறம் இந்த யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அனுப்பினால், குழாய் போட்டு நாளானவரிடம் பெரும்பாலும் ஏதாவது வளரத்தான் செய்யும். பிறகு அந்த ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் நடக்கும்! காரணம் இருந்து அனுப்பினாலும், மாதிரியைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது, குழாயில் மாதிரி எடுப்பதற்கென்று உள்ள சிறு வாயை (போர்ட்) துடைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

“இருக்கட்டும் டாக்டர், அப்பாவால பாத்ரூம் வரைக்கும் நடக்க முடியாது” என்பார்கள் வீட்டார். அவர்கள் கவலை நியாயமானது. ஆண்களுக்கு யூரின் கேன், வெளியே மாட்டும் கான்டம் கதீட்டர், பெண்களுக்கு பெட்பேன், டயப்பர் என்று வழிகள் உண்டு. குழாயை எடுத்து ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போகவில்லை என்றால் ஸ்கேனில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்து, ஒருமுறை மட்டும் குழாய் விட்டு வடித்துவிடலாம். உடனே மறுபடி மாட்டிவைக்க வேண்டியதில்லை.