கதையைக் கிழிச்செடுத்துட்டுக் கொப்பியை எறியாதேங்கோ

எழுதுற ஆக்கள் இருந்த வீட்டில அந்தியேட்டி முடிஞ்ச கையோட நடக்கிற முதல் வேலை அலுமாரி துப்புரவாக்கிறது. அச்சில வந்த புத்தகமெண்டா கண்ணாடி அலுமாரிக்குள்ள போகும். கையால எழுதின கொப்பியள், பழைய டயறி, கடிதக்கட்டு எல்லாம் ஒரு உரப்பைக்குள்ள போகும், உரப்பை மாட்டுக்கொட்டில் பக்கம் போகும், மிச்சத்தைக் கறையான் பாத்துக்கொள்ளும். நான் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பழைய கையெழுத்துக் கொப்பியளைத் துப்புரவாக்கி ஸ்கான் பண்ணுற வேலை செய்யிறன், எங்களிட்ட வாறதில கனக்க இப்பிடி உரப்பையில இருந்து தப்பினதுதான்.

ஆனா எனக்குக் கறையானை விடப் பயம் அக்கறையான பிள்ளையளிலதான். "அப்பாவின்ர கதையளை மட்டும் கிழிச்சு ஃபைல் பண்ணிட்டம், மற்றதெல்லாம் சும்மா நெல்லுக் கணக்கும் மருந்துத் துண்டும்தானே" எண்டு சொல்லிக்கொண்டு வருவினம்.

ரஷ்ய நாவலாசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கியின்ர நோட்டுக்கொப்பியளை எடுத்துப் பாருங்கோ, படங்கள் இணையத்திலயே கிடைக்கும். ஒரு பக்கத்தில நாவலுக்கான குறிப்பு, அதுக்குப் பக்கத்தில யாரோ ஒரு ஆளின்ர முகம், பழைய தேவாலய யன்னல் மாதிரிக் கூரான வளைவுகள், ஒரே பேரை அழகழகாத் திருப்பித் திருப்பி எழுதினது, கடன் கணக்கு, வலிப்பு வந்த திகதிகள். பக்க ஒழுங்கும் இல்லை, வெறுமையா இருந்த பக்கத்தைத் திறந்து எழுதுவார், சில இடத்தில கொப்பியைத் தலைகீழாப் பிடிச்சும் எழுதியிருக்கிறார். "கதை மட்டும் காணும்" எண்டு அந்த வீட்டில யாரும் கிழிச்சிருந்தா, குற்றமும் தண்டனையும் நாவல் முதல்ல அதின்ர நாயகன் ரஸ்கோல்னிகோவ் தானே தன்ர வாயால சொல்லுற மாதிரி எழுதப்பட்டது எண்டதோ, அசடன் நாவலின்ர நாயகன் முதல் திட்டத்தில சாதுவே இல்லை, அகங்காரமும் மூர்க்கமும் பிடிச்ச ஆள் எண்டதோ இண்டைக்கு எங்களுக்கு இந்தளவுக்கு விளங்கியிராது.

இந்தக் கொப்பியள் தப்பின கதை வன்னிச் சனத்துக்கு நல்லா விளங்கும். 1871 இல மனுசன் வெளிநாட்டில இருந்து ரஷ்யாவுக்குத் திரும்ப வெளிக்கிடுறார், எல்லையில பேப்பரெல்லாம் கிண்டுவாங்கள் எண்ட பயத்தில அசடன் உட்படக் கையெழுத்துப் பிரதியளை நெருப்பில போட்டுட்டார். மனுசி அன்னாதான் நோட்டுக்கொப்பியளையாவது விடுங்கோ எண்டு மன்றாடி வாங்கி, பிறகு வர இருந்த தன்ர தாயிட்டக் குடுத்துவிடுறா. 1881 இல அவர் செத்தாப் பிறகும் எல்லாத்தையும் கட்டிக் காத்தவ அவதான். கடைசியா 1921 இல மொஸ்கோவில ஒரு தகரப் பெட்டியைத் திறக்கேக்கதான் அதில கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்தது.

2009 இல எங்கட ஆக்கள் எத்தினை டயறியை எரிச்சினம், எத்தினையைப் பொலித்தீன்ல சுத்திப் பங்கருக்குள்ள தாட்டுட்டு நடந்தினம் எண்டு யாருக்கும் கணக்குத் தெரியாது. உயிர் தப்பிறதுக்கு எரிச்ச ஆக்களை ஒரு சொல்லும் சொல்ல ஏலாது. ஆனா அதெல்லாம் கடந்து வந்து மிஞ்சின ஒண்டைச் சமாதான காலத்தில துப்புரவு எண்ட பேரில எறியிறதைத்தான் பொறுக்க ஏலாம இருக்கு.

ஒரு முறை ஒரு சீ.ஆர். கொப்பி வந்தது. முன்பக்கத்தால கதை, பின்பக்கத்தால விதைப்புக் கணக்கு. கதையில திகதியே இல்லை. பின்னால, யூரியாக் கடனுக்கும் பிள்ளையின்ர காய்ச்சல் மருந்துக்கும் நடுவில, இரணைமடு வான் பாயுது (குளம் நிரம்பி வழியுது) எண்டு ஒரு வரி, அதே பேனை, அதே மை. அந்த ஒற்றை வரியை வச்சுத்தான் கதை எந்த மாரியில எழுதினது எண்டு வீட்டுக்காரரால சொல்ல முடிஞ்சது. கணக்கை எறிஞ்சிருந்தா கதையின்ர காலமும் போயிருக்கும்.

"அதில வீட்டு விசயமெல்லாம் இருக்கு, சனம் பாத்தா என்ன நினைக்கும்?" எண்டு கேக்கினம். நியாயமான கேள்வி, நான் சிரிக்க மாட்டன். அன்னாவே புருசன் தனக்கு எழுதின கடிதங்களில அந்தரங்கமான வரியளை மையால மெழுகி அடிச்சிருக்கிறா. தோமஸ் மான் எண்ட ஜெர்மன் நாவலாசிரியர் வேற வழி பாத்தார். 1945 இல பழைய டயறியளில பெரும்பகுதியை எரிச்சவர்தான், ஆனா மிச்சத்தைக் கட்டி சீல் வச்சு, இதில இலக்கியப் பெறுமதி ஒண்டுமில்லை, நான் செத்து 20 வருசத்துக்கு முதல் திறக்காதேங்கோ எண்டு மேல எழுதிவச்சார். 1955 இல செத்தார், 1975 இல திறந்திச்சினம், இண்டைக்கு அவரைப் பற்றி எழுதுற ஆக்கள் அந்த டயறியளைத் தொடாம ஒரு அடி வைக்கேலாது. (இலக்கியப் பெறுமதி இல்லையாம்!) நீங்களும் உப்பிடிச் செய்யலாம். ஸ்கான் பண்ணக் குடுக்கேக்கயே இந்தப் பகுதி இத்தினை வருசத்துக்கு மூடியிருக்கட்டும் எண்டு எழுத்தில கேளுங்கோ, ஒத்துக்கொள்ளாத இடத்தில குடுக்காதேங்கோ, வீட்டிலயே கட்டி வையுங்கோ.

இனிக் கை வேலை. லமினேட் பண்ணாதேங்கோ, அந்தச் சூட்டில ஒட்டினதைத் திரும்பக் கழட்ட எங்களாலயும் ஏலாது. செலோரேப் கொஞ்சக் காலத்தில மஞ்சளாகிப் பசை பேப்பருக்குள்ள இறங்கும். கறள் பிடிச்ச பின்னை இழுக்காம மெல்ல நிமித்திக் கழட்டுங்கோ. கட்டுப் பிரிச்சு ஒற்றை ஒற்றையா ஆக்கவே வேண்டாம், ஒழுங்கு போனாத் திரும்ப வராது. சொப்பிங் பாக்கில முடிஞ்சு வச்சா மாரிக்கு உள்ளுக்க வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், தோய்ச்சுக் காய்ஞ்ச பழைய பருத்தி வேட்டித் துண்டு எவ்வளவோ திறம், நிலத்தில வைக்காம மேல ராக்கையில, சுவரில முட்டாம வையுங்கோ.

2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நனைஞ்ச கொப்பியளை வெயில்ல விரிச்ச ஆக்கள் கனபேர். வெயில் மையை வெளிறப் பண்ணும், பேப்பரும் முறுகிப்போகும். நிழல்ல, காத்தோட்டத்தில வையுங்கோ, ஒட்டின பக்கத்தை இழுத்துப் பிரிக்காதேங்கோ. ரெண்டு மூண்டு நாளுக்குள்ள பூஞ்சணம் தொடங்கிடும், அதால கன கொப்பியெண்டா பொலித்தீன்ல சுத்திப் பிறீசருக்க வச்சிட்டு, பிறகு ஒவ்வொண்டா எடுத்துக் காயவைக்கலாம், மீன் வாசம் பிடிக்கும் எண்டு அம்மா பேசினா ரெண்டு பொலித்தீனாச் சுத்துங்கோ.

ஃபோன்ல படம் எடுக்கிறதெண்டா யன்னல் வெளிச்சத்தில, ஃபிளாஷ் இல்லாம, நாலு மூலையும் தெரிய, மட்டையும் வெறும் பக்கமும் சேத்து வரிசையா எடுங்கோ. பக்க நம்பர் பென்சிலால, மூலையில சின்னனா. படம் எடுத்தாச்சு எண்டு கொப்பியை விட்டுடாதேங்கோ, பென்சில் எழுத்தும் அழிச்ச தடமும் கனக்க இடத்தில ஃபோன் படத்தில விழாது, கொப்பியைச் சாய்ச்சு வெளிச்சத்தில பிடிச்சாத்தான் தெரியும்.