‘சுருக்கக் கொதிகலன்’ ஆகாது, ‘ஆவியொடுக்கக் கொதிகலன்’ என்க

கேஸ் எரித்து நீரைச் சூடாக்கும் கேஸ் கண்டென்சிங் பாயிலரைச் ‘சுருக்கக் கொதிகலன்’ என்று பராமரிப்புக் கையேட்டில் அடித்துவிடுகிறார்கள். படிப்பவர் என்ன நினைப்பார்? சின்ன பாயிலர் போலிருக்கிறது என்றுதான்.

‘கண்டென்சிங்’ என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன், ‘டென்சஸ்’ என்றால் அடர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ‘அடர் கொதிகலன்’ என்பாரும் உண்டு. கண்டென்ஸ்டு மில்க் என்கிற டின் பாலுக்கு அது பொருந்தும். இங்கே நடப்பது வேறு. எரிந்த கேஸின் புகையில் நீராவி இருக்கிறது. புகை ஏறக்குறைய 55 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆறினால் அந்த ஆவி நீராகி, தன் வெப்பத்தை விட்டுவிடும். அதைப் பிடிக்கத்தான் இந்தக் கருவி. செம்பனை ஆலையில் நாரும் ஓடும் எரிக்கிற பாயிலரில் புகை சூடாகவே வெளியேறிவிடும். அதையே பார்த்து வளர்ந்த மலேசியாவின் சுங்கை சிப்புட் பிள்ளைக்கு இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டாமா?

பாடநூலில் ‘ஆவி சுருங்குதல்’ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அங்கே ‘ஆவி’ முன்னால் நிற்கிறது. அதை வெட்டிவிட்டால் சுருங்குவது கலனா, துவைத்த சட்டையா? மேலும், சுருக்கம் அளவு குறைவதைத்தான் சொல்லும். ஒன்று தன் நிலை மாறி அடங்குவது ஒடுக்கம். சைவ சித்தாந்தம் உலகம் ஒடுங்குவதைச் சொல்வதும் இந்தச் சொல்லால்தான். ‘இதில் நீர் கொதிப்பதே இல்லை, கொதிகலன் எப்படி?’ என்று கேட்பவருக்கு: மலாயில் பாயிலரைக் குறிக்கும் ‘டண்டாங்’ சோறு அவிக்கும் பாத்திரமும்தான். வழக்கில் ஊன்றியதை விட்டுவிடலாம்.

விட முடியாதது, ‘கண்டென்சேட் டிராப்’ என்பதைக் கையேட்டில் ‘சுருக்கப் பொறியை நிரப்புக’ என்று எழுதியிருப்பது. எலிப்பொறியா? மொழிபெயர்த்தவர் கருவியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். சொல்ல வந்தது சைபன்: ஆவி ஒடுங்கி உண்டாகும் வடிநீர் இறங்கும் வளைகுழாய். ஆண்டுக்கொரு முறை, உரிமம் பெற்றவர் கேஸையும் மின்சாரத்தையும் அடைத்து, ஆறவிட்டு, பர்னர் கதவைத் திறந்து, புகையின் வெப்பத்தை நீருக்குக் கடத்தும் வெப்பமாற்றியை நைலான் பிரஷால் தேய்ப்பார். இரும்புக் கம்பி பிரஷ் ஆகாது. அதன் துகள் எவர்சில்வரில் ஒட்டித் துருவாகும். இறுகிப்போன கதவு கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். கொஞ்சம் நீர்விட்டு அலசினால் கசடு சைபனில் இறங்கும். அதைக் கழற்றிக் கழுவி, நல்ல நீர் நிரப்பிய பிறகே பற்றவைக்கலாம். காலியாக விட்டால் கார்பன் மோனாக்சைடு கலந்த புகை அந்த வழியாக அறைக்குள் வரும். கசடு அடைத்தாலோ ‘களக் களக்’ என்று சத்தம் கேட்கும், பிறகு பாயிலர் தானே நின்றுவிடும்.

கையேட்டில் ‘சுருக்க நீர்’ என்றிருப்பது வடிநீர். அதன் பிஎச் 3 முதல் 5 வரை, அமிலம். செப்புக் குழாயை அரித்துவிடும். பிளாஸ்டிக் குழாயே போட வேண்டும்.