ஓய்வுப் பணம் கைக்கு வருமுன்: யாருக்கு, எதற்கு, எவ்வளவு

பணி ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே பி.எஃப். பணத்துக்கு ஆட்கள் வரிசை கட்டிவிடுகிறார்கள். மகனுக்குக் கடை போட வேண்டும், வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டும், மச்சினனுக்கு அடகு நகையைத் திருப்ப வேண்டும். "அத்தான், துட்டு வந்துட்டுல்லா, ஒரு மூணு லட்சம் தாங்களேன்" என்று கேட்டு நிற்பவரிடம் இல்லை என்று சொல்ல நெல்லைப் பக்கம் பலருக்கு வாய் வராது. ஓய்வு பெற்ற ஒரே ஆண்டில் முக்கால்வாசிப் பணத்தைக் கரைக்கிறவர்கள் ஊதாரிகள் அல்லர். முதலில் கேட்டவருக்கு முதலில் கொடுத்தவர்கள், அவ்வளவுதான்.

அதனால் எதில் போடலாம் என்பது இரண்டாவது கேள்வி. எதற்கு என்பதை முதலில் தீர்க்க வேண்டும். கணவனும் மனைவியும் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் தனித்தனித் தாளில் எழுதட்டும்: எழுபது வயதில் எந்த ஊரில், யாரோடு இருக்க வேண்டும், யாருக்குச் செய்தால் மனம் நிறையும், எதைச் செய்யாமல் விட்டால் உறுத்தும். அவர் கல்லிடைக்குறிச்சியில் வயல் என்று எழுதியிருப்பார். அந்த அம்மா பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகிற தூரத்தில் வீடு என்று எழுதியிருப்பார். இந்த முரண் தாளிலேயே வெளிப்படட்டும். இருபது லட்சத்தைக் கம்பியிலும் சிமெண்டிலும் போட்ட பிறகு வெளிப்பட்டால் சரிசெய்ய முடியாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தனியார் நிறுவன ஊழியர், கையில் 40 லட்சம், சொந்த வீடு, பி.எஃப். கணக்கோடு சேர்ந்த இ.பி.எஸ். ஓய்வூதியம் மாதம் 4,000, வீட்டுச் செலவு 23,000 என்று வைத்துக்கொள்வோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 20 லட்சம் போட்டால், இப்போதுள்ள 8.2% வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 வரும், அதாவது மாதம் சுமார் 13,660. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 9 லட்சத்துக்கு 7.4% வீதம் மாதம் 5,550. ஓய்வூதியத்தோடு சேர்த்தால் 23,200 ரூபாய். செலவு நேராகிவிட்டது. மீதி 11 லட்சத்தில் மூன்றை மருத்துவத்துக்கென்று உடனே எடுக்கக்கூடிய வைப்பில் வைக்கலாம். ஐந்தைப் பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டு எட்டுப் பத்து ஆண்டு தொடாமல் இருக்க வேண்டும். மூன்று லட்சம் மனதுக்குப் பிடித்த காரியத்துக்கு.

அந்த ஐந்து லட்சம் ஏன் என்று கேட்பார்கள். விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால் இன்றைய 23,000 பன்னிரண்டு ஆண்டில் 46,000 ஆகும். வட்டியோ நின்ற இடத்திலேயே நிற்கும். பங்குச்சந்தை பயம் நியாயமானதுதான். 2020 மார்ச்சில் பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி தன் உச்சத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அதனால்தான் அடுத்த ஐந்தாண்டுச் சோற்றுக்கான பணம் அங்கே போகக் கூடாது.

மூத்த குடிமக்கள் திட்டத்தில் ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம். 60 வயது ஆகாமல், 55-க்கு மேல் ஓய்வு பெற்றவர்களும் சேரலாம். ஆனால் ஓய்வுப் பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். மாடி கட்டுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இந்தக் கெடுவை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஓராண்டுக்குள் கணக்கை மூடினால் வட்டி கிடையாது, வாங்கிய வட்டியையும் அசலில் பிடித்துக்கொள்வார்கள். அவசரத் தேவைக்குரிய பணத்தை இதில் பூட்டக் கூடாது.

மாடி விஷயத்துக்கு வருவோம். இருபது லட்சத்தில் மாடி எடுத்து மாதம் 8,000 வாடகை வந்தால் ஆண்டுக்கு 96,000, அதாவது 4.8%. ஆள் இல்லாத மாதங்களும் வெள்ளையடிப்பும் வீட்டு வரியும் இதில் கழியும். முதலீடாகப் பார்த்தால் இது நட்டம். மகள் குடும்பம் மேலே இருந்தால் போதும் என்பதுதான் உங்கள் தாளில் உள்ள ஆசை என்றால் தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் அதை ஆசைக் கணக்கில் எழுதுங்கள், வருமானக் கணக்கில் எழுதாதீர்கள்.

வயல் ஆசைக்கும் ஒரு வழி இருக்கிறது. நஞ்சை வாங்குமுன் ஒரு கார் பருவமும் ஒரு பிசானப் பருவமும் குத்தகைக்கு எடுத்துப் பாருங்கள். நடவுக்கு ஆள் கிடைப்பதும், கடைமடைக்குத் தாமிரபரணித் தண்ணீர் வந்து சேருவதும், அறுவடை நேரத்து மழையும் அந்த இரண்டு பருவத்திலேயே பிடிபடும்.

மனதுக்குப் பிடித்த காரியத்துக்கென்று ஒதுக்கிய மூன்று லட்சத்தில் அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிப்பது நல்லது. 7% என்றால் ஆண்டுக்கு 21,000. ஊர்க் கோயில் கொடை விழாவுக்கான வரி, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போகிற செலவு, கிறிஸ்தவ சபையில் அசன விருந்துக்குக் கொடுக்கும் அரிசி, படிக்கிற ஒரு பிள்ளைக்குப் புத்தகம் என்று எதுவானாலும் இதற்குள் அடங்கட்டும். கோயிலில் கட்டளை வைப்பதென்றால் ரசீதில் எந்த நாள், என்ன பூஜை, எவ்வளவு அசல் என்ற மூன்றும் இருக்க வேண்டும். வட்டியே கூடாது என்கிற இஸ்லாமியக் குடும்பங்களுக்கு மேலே சொன்ன அஞ்சலகக் கணக்கு பொருந்தாது. கடை வாடகையும், ஷரியா நெறிப்படி பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளும்தான் அவர்களுக்கு அடித்தளம். வருமானம் ஏறி இறங்கும் என்பதால் இரண்டு ஆண்டுச் செலவுக்கான ரொக்கம் தனியாக இருக்க வேண்டும். ஜகாத்துக்குரிய 2.5 சதவீதத்தையும் ஆண்டுத் திட்டத்திலேயே எழுதிவிடலாம்.

பணம் போகிற பெரிய ஓட்டை, மாதம் "நூத்துக்கு ரெண்டு வட்டி" தருகிறேன் என்கிறவரிடம் கொடுப்பது. அந்த வட்டி ஆண்டுக்கு 24%. அவ்வளவு கொடுத்துக் கட்டுப்படியாகிற நேர்மையான தொழில் அரிது. வங்கி வைப்பிலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரைதான் காப்பீடு. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது உண்டு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இல்லை. ஜாமீன் கையெழுத்தும் கடன்தான். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் முழுத் தொகையும் உங்கள் மேல் வரும்.

பிறகு, கணவர் இல்லாத காலத்துக் கணக்கு. பழைய ஓய்வூதியத்தில் உள்ள அரசு ஊழியருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம் என்றால், மனைவிக்கு வழக்கமான குடும்ப ஓய்வூதியம் அந்தச் சம்பளத்தில் 30%தான். இ.பி.எஸ்.ஸில் பொதுவாகக் கணவரின் ஓய்வூதியத்தில் பாதி. மூத்த குடிமக்கள் கணக்கை மனைவியோடு கூட்டாகத் தொடங்குங்கள், வட்டி எடுக்க அவரையும் அஞ்சலகத்துக்கு அழைத்துப் போய்ப் பழக்குங்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், உரிமை வாரிசுகளுக்கே போகும் என்பதால் உயிலும் வேண்டும். அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் போதும். அந்தச் சாட்சிகள் சொத்தில் பங்கு பெறாதவர்களாக இருக்கட்டும்.

உயில் எழுதச் சோம்பி வீட்டைப் பிள்ளை பெயருக்குத் தான செட்டில்மெண்ட் செய்கிறவர்கள் இரண்டு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஒன்று, தாய் தந்தை இருவருக்கும் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை. மற்றொன்று, உணவும் மருத்துவமும் பராமரிப்பும் தர வேண்டும் என்ற நிபந்தனை. பிள்ளை கைவிட்டால், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரிக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க அந்த நிபந்தனைதான் பிடி.